அந்தமானுக்கு ஒரு டிக்கெட், பங்க் கிளாஸ்!

எங்கள் ஓமலூரில் எல்லாம் உண்டு. ரயில் ஜங்ஷன் உண்டு (மேட்டூர் டேம் லைன் இங்கேதான் பிரிகிறது). பக்கத்திலேயே கமலாபுரத்தில் ஏர்போர்ட்கூட உண்டு. 1993-ல் திறந்தார்கள். விமானம் சில வருஷம் வரும், பல வருஷம் வராது. அது தனிக் கதை. வெல்லம் உண்டு, பூ உண்டு, சரபங்கா நதி உண்டு (தண்ணீர் உண்டா என்று கேட்காதீர்கள்). இல்லாத ஒரே சமாசாரம் கடல். எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்து அலைச் சத்தம் காதில் விழாது. எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் மேட்டூர் அணைதான். பேப்பரைப் பிரித்ததும், நூற்றிருபது அடியில் இன்றைக்கு எத்தனை அடி என்று பார்த்துவிட்டுத்தான் சினிமாப் பக்கத்துக்கே போவோம்.

அப்படிப்பட்ட ஊர்க்காரன் ஒருத்தன் அறுபது மணி நேரம் கப்பலில் போனதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

கப்பல் பயணம் என்றதும் உங்கள் மனசில் ஓடும் படம் எனக்குத் தெரியும். வெள்ளை வெளேர் என்று ஒரு கப்பல், மேல் தளத்தில் நீச்சல் குளம், கையில் குடை செருகிய ஜூஸ். கரீபியன் தீவுகளைச் சுற்றுகிற கப்பல்கள் அப்படித்தான். மயாமியிலிருந்து கிளம்பும் 'ஐகான் ஆஃப் த ஸீஸ்' 2024 ஜனவரியில் முதல் பயணம் போனது. 365 மீட்டர் நீளம், இருபது தளம், ஏழு நீச்சல் குளம். முழுக்க நிரப்பினால் 7,600 பயணிகள். சுற்றிலும் தண்ணீர் கிடக்கிற இடத்தில் ஏழு நீச்சல் குளம் எதற்கு என்று பி.காம். படித்தவன் கேட்கக் கூடாது. ஊரைவிட்டு, ஆபீஸைவிட்டு, போனைவிட்டு யாரும் பிடிக்க முடியாத இடத்துக்குப் போகத்தான் அங்கே டாலரைக் கொட்டுகிறார்கள். போன பிறகு வைஃபைக்குத் தனியாகப் பணம் கட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம்! நம் சென்னையிலிருந்தே 2022 ஜூனில் ஒரு சொகுசுக் கப்பல் கிளம்பியது. மேலே இருந்து கீழே வரை விளக்கு.

நான் போனது விளக்குக் கப்பல் இல்லை. 2018 பிப்ரவரியில், சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட்பிளேர் போகும் கப்பல். (2024 செப்டம்பரில் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பேர் மாற்றிவிட்டார்கள். நான் போனபோது போர்ட்பிளேர்தான். அப்படியே எழுதுகிறேன்.) நான்கௌரி, நிக்கோபார், ஸ்வராஜ் தீப் என்று பல கப்பல்கள் இந்த ரூட்டில் ஓடியிருக்கின்றன. நான் போனது எந்தக் கப்பல் என்று சொல்லப் போவதில்லை. காரணம், அதன் பாத்ரூம் பற்றி ஒரு வாக்கியம் எழுத வேண்டியிருக்கிறது.

அந்த வாக்கியம் இதுதான்: முதல் நாள் பாத்ரூம் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் இல்லை, இடையில் கப்பல் எந்தத் தப்பும் செய்யவில்லை, எல்லாம் பயணிகள் கைங்கர்யம்.

இப்போது கணக்குக்கு வருவோம். டீலக்ஸ், ஃபர்ஸ்ட், செகண்ட், பங்க் என்று வகுப்புகள். பங்க் என்பது கப்பலின் அடிவயிற்றில் ஒரு பெரிய ஹால். வரிசை வரிசையாக மேலும் கீழுமாகப் படுக்கைகள். ரயில் ஸ்லீப்பர் கோச்சிலிருந்து ஜன்னலையும் 'சாயா சாயா'வையும் எடுத்துவிட்டு, பத்து கோச்சைச் சேர்த்து ஒட்டினால் பங்க். கட்டணம் அப்போது சுமார் 2,500 ரூபாய். டீலக்ஸ் அதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. அறுபது மணி நேரத்துக்கு 2,500 என்றால், மணிக்கு நாற்பத்தோரு ரூபாய் சொச்சம். அதில் ஏ.சி. உண்டு, படுக்கை உண்டு, ஊர் மாற்றியும் விடுகிறார்கள். சாப்பாட்டுக்கு மட்டும் தனிக் கூப்பன். தூரம் சுமார் 1,200 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், மணிக்கு இருபது கிலோமீட்டர். எங்கள் ஊர் டவுன் பஸ் ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்று போகிற வேகம். வழியில் ஸ்டாப்புதான் கிடையாது.

சித்தி பையன் போர்ட்பிளேரில் வேலையாக இருந்தான், வா வா என்று கூப்பிட்டான். விமான டிக்கெட்டுக்கு என்னிடம் காசு இல்லை. பத்திரிகைக்குத் துண்டு துண்டாக எழுதுகிறவனிடம் தாராளமாக இருக்கிற ஒரே ஆஸ்தி நேரம். ராஜாஜி சாலையில் டிக்கெட் வாங்கி, ஒரு பையில் துணியும், ஒரு பையில் சேலம் தட்டுவடையும், பத்து எலுமிச்சம்பழமும், ஒரு அட்டை அவோமின் மாத்திரையும் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

கப்பல் கிளம்புவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கிளம்புவதே தெரியாது. ரயில் என்றால் ஒரு குலுக்கல் குலுக்கும். இங்கே டெக்கில் நின்று பேசிக்கொண்டிருக்கிறோம். திரும்பிப் பார்த்தால் கரைக்கும் நமக்கும் நடுவில் ஒரு கிணற்று அகலம் தண்ணீர். பிறகு ஒரு ஏரி அகலம். இரண்டு டக் படகுகள் இழுத்துத் தள்ளி வாயிலுக்குக் கொண்டுவருகின்றன. துறைமுகத்தைத் தாண்டுகிற வரைக்கும் வழிகாட்ட 'பைலட்' என்று ஒருத்தர் இருக்கிறார். கடல் வாய்க்கு வந்ததும் அவர் வேலை முடிந்தது. கப்பல் ஓரத்தில் கயிற்று ஏணியைத் தொங்கவிடுவார்கள். பக்கத்தில் ஒட்டி ஓடிவரும் சின்ன போட்டில், ஆடி ஆடி, சர்வசாதாரணமாக இறங்கிப் போய்விடுவார். அதற்கப்புறம் யாரும் இறங்க முடியாது.

அதை என் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான் ஒரு பையன். இருபத்தைந்து, இருபத்தாறு வயசிருக்கும்.

"ஏனுங்ணா, நீங்க எந்தூருங்க?"

"ஓமலூர்."

"அட! நமக்குத் தாரமங்கலம் பக்கமுங்க!"

வங்காள விரிகுடாவில் நம்ம தாலுகா ஆள்! கொத்தனார் வேலை. போர்ட்பிளேரில் ஏதோ கட்டடம், எட்டு மாசம் காண்ட்ராக்ட். ஊரைவிடக் கூலி கொஞ்சம் கூட. மேஸ்திரி டிக்கெட் போட்டுக் கொடுத்திருந்தார். அடுத்த கப்பலில் வருகிறேன் என்றால், அடுத்த கப்பலில் வேற ஆள் வருவான் என்று சொல்லிவிட்டாராம்.

கலங்கரை விளக்கம் பின்னால் மினுக்கிக்கொண்டிருந்தது. போனில் சிக்னல் கோடு நாலு மூன்றாகி, மூன்று இரண்டாகிக்கொண்டிருந்தது. அப்போது அவன் போன் அடித்தது. மாமியார். வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம், வண்டிக்குச் சொல்லியாச்சு. அவன் "ஏங்க... டாக்டரம்மா இன்னும் பன்னெண்டு நாள்னு..." என்று ஆரம்பித்தான். லைன் போய்விட்டது. மறுபடி போட்டான். இல்லை. டெக்கின் பின்பக்கம், கரையைப் பார்த்த கோடிக்கு ஓடிப் போய்க் கையைத் தூக்கிப் பிடித்தான். இல்லை. பைலட் இறங்கிப் பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது.

"போன வருஷம் ஒண்ணு தங்கலைங்ணா" என்றான். அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

என் பங்க் வரிசையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். எதிர்ப் படுக்கையில் ஒரு பாட்டியம்மா. ராமநாதபுரம் பக்கத்துப் பெண், கல்யாணமாகிப் போர்ட்பிளேர் போய் நாற்பது வருஷம். கண் ஆபரேஷனுக்காக 'மெயின்லேண்ட்' வந்து திரும்பிக்கொண்டிருந்தார். (தீவுக்காரர்களுக்கு நாமெல்லாம் மெயின்லேண்ட். ஓமலூரை மெயின் என்று ஒருத்தர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.) மேலே ஒரு வங்காளி ஆசிரியர், பாட்டியிடம் தமிழிலேயே சண்டை போட்டார். ஓரத்தில் இரண்டு ராஞ்சிக்காரர்கள். சோட்டா நாக்பூரிலிருந்து காடு வெட்ட வந்து தங்கிவிட்டவர்களின் வம்சம். அந்தமானில் அப்படித்தான் ஒரு கதம்பம். 2011 சென்ஸஸ் கணக்குப்படி அங்கே நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். வங்காளி, இந்திக்கு அடுத்தபடி நாம்தான்.

ராத்திரி பத்து மணிக்குள் கொத்தனார் பையன் கதை அந்த வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. பாட்டி உபயம்.

மறுநாள் காலையில் டெக்குக்குப் போனால் எந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை. வட்டமாக ஒரு தட்டு, நடுவில் நாம். கடல் நீலம் என்று யார் சொன்னது? ஆழத்தில் அது கறுப்பு, நம் மைக்கூட்டு ராயல் ப்ளூவில் கரியைக் கலந்த கறுப்பு. காலாபானி என்று பேர் வைத்தவன் பார்த்துத்தான் வைத்திருக்கிறான். 1858 மார்ச்சில் இருநூறு கைதிகளைக் கொண்டுபோய் இறக்கியதில் ஆரம்பித்தது அந்தத் தீவில் ஆங்கிலேயர்களின் சிறைக் குடியேற்றம். பிற்பாடு வந்ததுதான் செல்லுலர் ஜெயில், 1906-ல் கட்டி முடித்தார்கள், 693 தனி அறை. கைதிகளுக்கும் இதே தண்ணீர்தான். கூப்பன் மட்டும் கிடையாது.

பறக்கும் மீன்கள் உண்டு. வெள்ளி ஈட்டி மாதிரி கிளம்பி, நாலு எலெக்ட்ரிக் கம்பம் தூரம் போய்ச் சொருகிக்கொள்ளும். முதல் மீனுக்குக் கூட்டமே 'ஓ' போட்டது. இருபதாவது மீனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாதம், பருப்பு, ஆம்லெட், சாதம், பருப்பு, மீன். சீட்டாட்டம். இந்தியிலும் இங்கிலீஷிலும் ஒலிபெருக்கி. ஆபீஸ் போகிற நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முதல் நாள் எல்லோரும் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போனை எடுத்துப் பார்த்து, உள்ளே வைத்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் அது டார்ச் லைட்டாகிவிட்டது. ஏழெட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகூடத் தூங்காத ஒரு பாங்க் குமாஸ்தா பத்து மணி நேரம் அசையாமல் தூங்கினார். கப்பல் டாக்டரைக் கூப்பிடலாமா என்று பேசிக்கொண்டோம்.

அந்த ஹாலில் தூங்காதவன் ஒருத்தன்தான்.

எனக்கு எங்கள் பெரிய தாத்தா ஞாபகம் வந்தது. என் தாத்தாவுக்கு அண்ணன். ஐம்பதுகளில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா போனவர். 'ராஜுலா' என்று அந்தக் கப்பலுக்குப் பேர். 1926-ல் ஓட ஆரம்பித்த பிரிட்டிஷ் கம்பெனிக் கப்பல். மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று தஞ்சாவூர், திருச்சி, சேலம் ஜில்லாக்காரர்களை அள்ளிக்கொண்டு போன கப்பல். நீளம் 150 மீட்டர்கூட இல்லை. அதில் ஐயாயிரத்துக்கு மேல் டெக் பயணிகளை ஏற்றிக்கொள்ள லைசென்ஸ் கொடுத்திருந்தார்கள்! மயாமிக் கப்பலில் பாதி நீளமில்லாத கப்பல், அதில் மூன்றில் இரண்டு பங்கு ஜனம். நீச்சல் குளம் எத்தனை என்று கேட்காதீர்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, கடலில் நிற்கும். படகில் போய்த் தொற்றி ஏற வேண்டும். சொந்தப் பாய், சொந்தத் தட்டு, சொந்தக் குமட்டல். பினாங்குக்கு ஒரு வாரம் ஆகும்.

1973-ல் ராஜுலா ஓய்வு பெற்றது. அந்த ரூட்டுக்கு 'சிதம்பரம்' வந்தது. 1985 பிப்ரவரியில் அதில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் செத்துப்போனார்கள். அதோடு அந்த லைன் முடிந்தது.

பெரிய தாத்தா கப்பலில் இருந்த அந்த ஒரு வாரத்தில் இங்கே அவர் அம்மா காலமாகிவிட்டார். தந்தி கொடுக்க அங்கே விலாசம் கிடையாது. அவர் வேலையில் சேர்ந்து, கடுதாசி போட்டு, அதற்குப் பதில் போய்ச் சேர்ந்தபோது இங்கே எல்லாக் காரியமும் முடிந்திருந்தது. நடுவில் அவர் எழுதிய கடிதங்களில் 'அம்மாவுக்குக் கால்வலி தேவலையா' என்று கேட்டிருப்பாராம். எங்கள் வீட்டு ஆட்களுக்குக் கப்பல் என்றால் அந்தக் கால்வலிதான் ஞாபகம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் பாட்டி பொறுக்க முடியாமல் எழுந்தார். "கப்பக்காரன்கிட்ட போன் இருக்கும்டா. வா, கேப்போம்." பையன் கூச்சப்பட்டான். பாட்டி, வங்காளி வாத்தியார், நான், பின்னால் கொத்தனார். ஒரு ஊர்வலமாக மேலே போனோம். வெள்ளைச் சட்டை அதிகாரி ஒருவர், மலையாளி, முழுசாகக் கேட்டார். எமர்ஜென்ஸிக்கு மட்டும்தான் என்றார். பாட்டி, "இது என்னவாம்?" என்றார். மனுஷர் சிரித்துவிட்டார். சாட்டிலைட் போனைக் காட்டினார்.

முதல் தடவை மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை எடுத்தார்கள். பையன் "மாமா!" என்றான். சாட்டிலைட் போனில் நாம் பேசுவது ஆகாசத்துக்குப் போய்த் திரும்பி வர ஒரு கணம் பிடிக்கும். அந்தக் கணத்துக்குள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் குரல், பக்கத்தில் நின்ற எங்களுக்கே கேட்டது:

"லோனெல்லாம் வேண்டாமுங்க!"

டொக்.

சாட்டிலைட் நம்பர் 870 என்று ஆரம்பிக்கும். தாரமங்கலத்தில் அந்த நம்பரைப் பார்க்கிறவர் வேறென்ன நினைப்பார்? மறுபடி போட்டால் கிடைக்கவில்லை.

கீழே வந்ததும் பங்க் ஹாலில் பெரிய ஆராய்ச்சி. "நல்ல சகுனம்தான். துக்க வீட்டுல இருக்கறவன் லோன் வேண்டாம்னு நிதானமாச் சொல்வானா?" இது வாத்தியார். "வேண்டாமுங்கன்னு மரியாதையாச் சொன்னாரே, சந்தோஷத்துல இருந்தா வள்ளுனு விழுந்திருப்பார்" என்று ஒரு சீட்டாட்டக்காரர். அவரைப் பாட்டி பார்த்த பார்வையில் அடுத்த சீட்டு கையிலிருந்து விழுந்துவிட்டது. ராஞ்சிக்காரர்களுக்கு இந்தியில் சொன்னோம். அவர்களில் மூத்தவர், பின்னால் குழந்தை சத்தம் கேட்டதா என்றார். அதைத்தான் யாரும் கவனிக்கவில்லை. இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ராத்திரி பன்னிரண்டு மணி வரை பேசினோம். எந்த ஆடிட் ரிப்போர்ட்டையும் நான் இவ்வளவு அலசியதில்லை.

பையன் மட்டும், "குரல் கொஞ்சம் கம்மிக் கிடந்துச்சுங்ளா?" என்று எல்லோரையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கடைசி நாள் ஆறு மணிக்குள் நல்ல வெளிச்சம். கடிகாரத்தை யாரும் மாற்றவில்லை. அந்தமானிலும் நம் மணிதான். கிழக்கே அவ்வளவு தூரம் வந்ததில் சூரியன் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் முந்திக்கொண்டுவிட்டது. பசேல் என்று தீவுகள் தெரிந்தன, தென்னந்தலையும் காடும் தண்ணீர் வரைக்கும். கப்பல் தெற்காகச் சுற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போக வேண்டும். ஆனால் ஒருத்தரும் தீவைப் பார்க்கவில்லை. அத்தனை பேர் கையிலும் டார்ச் லைட் மறுபடி போனாகிவிட்டது.

என் போனுக்குத்தான் முதலில் உயிர் வந்தது. ஒரு கோடு. அவன் கையில் கொடுத்தேன். நம்பர் மனப்பாடம். விரல் நடுங்கியதால் இரண்டு தரம் தப்பாகப் போட்டான். பாட்டி ஸ்பீக்கர் போடச் சொன்னார்.

"யாருங்க?"

"மாமா, நாந்தேன்."

"அட மாப்ளே! பொண்ணுங்க! ரெண்டு கிலோ எழுநூறு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நீங்க கப்பல் ஏறுன அன்னிக்கு ராத்திரியே ஆயிருச்சு. உங்களுக்குப் போட்டுப் போட்டுப் பாக்கறோம், கெடைக்கலை. நேத்து வேற எவனோ லோன்காரன் நாலு தரம் போன் பண்ணி உசிரை வாங்கிட்டானுங்க!"

கப்பல் சங்கு ஊதியிருந்தால்கூட அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது. பாங்க் குமாஸ்தா என் தட்டுவடையை என்னைக் கேட்காமல் எல்லோருக்கும் விநியோகம் செய்தார். பேர் வைக்கும் படலம் தொடங்கியது. கடல்ராணி என்றார் ஒருவர். அலமேலு என்றார் பாட்டி. அலை இருக்கிறதாம் அதில். வாத்தியார் வங்காளத்தில் ஏதோ சொன்னார், யாருக்கும் வாயில் நுழையவில்லை. பையன் யாருக்கும் பதில் சொல்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அப்போ நாம லோன் போன் போட்டப்பவே பாப்பாவுக்கு ஒரு நாள் வயசுங்ளா?" என்றான். ஆமாம் என்றேன்.

ஹேடோ துறையில் கப்பலைக் கட்டினார்கள். மச்சான் போட்டோ அனுப்பியிருக்கிறான் என்று பையன் போனை நீட்டினான். சென்னையிலிருந்து கடலுக்கடியில் போகும் கேபிள் அந்தத் தீவுக்கு 2020 ஆகஸ்டில்தான் வந்தது. 2018-ல் போர்ட்பிளேர் இன்டர்நெட், ஜூன் மாசத்துக்கு முன்னால் மேட்டூர் வாய்க்காலில் வரும் தண்ணீர் மாதிரி. திரையில் மங்கலாக ரோஸ் நிறத்தில் ஏதோ தெரிந்தது, நடுவில் வட்டம் சுற்றியது. ஏழெட்டுத் தலைகள் குனிந்து அதையே பார்த்தோம். இறங்குங்கள், இறங்குங்கள் என்று இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்கள். பாட்டி, "மூக்கு உன்ன மாதிரிதாண்டா" என்றார். ஆபரேஷன் செய்த கண்ணில் இன்னும் பச்சைத் துணி கட்டியிருந்தது.

வெளியே மேஸ்திரியின் வேன் நின்றது. ஏற்கெனவே ஆறு பேர், நடுவில் சிமென்ட் மூட்டை. அவன் போனைச் சட்டைப் பையில் வைக்காமல், திரையை மேலே பார்த்தபடி உள்ளங்கையில் வைத்துக்கொண்டே ஏறினான். வேன் திரும்புகிற வரை வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.